பட்டியலில் காணாமல்போன நான்கு போர்ட்டுகள்: பழைய வண்ணாரப்பேட்டை வீட்டு ரூட்டர் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2021 அக்டோபர் 16, சனிக்கிழமை. ஆயுத பூஜை முடிந்து இரண்டாம் நாள். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு வீட்டில் காலை பத்தரை மணிக்குப் படுத்துவிட்ட நெட்வொர்க், இரவு ஒன்பதுக்குச் சற்று முன்புதான் முழுதாக எழுந்தது. இந்தப் பத்து மணி நேரத்தில் உண்மையான கோளாறைச் சரிசெய்யப் பிடித்தது நாற்பது நிமிடம்கூட இல்லை. மீதி நேரம் எங்கே போனது என்பதைப் பதிவு செய்யத்தான் இந்தக் குறிப்பு. அதில் பெரும்பங்கை என் கணக்கில்தான் எழுத வேண்டும்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் வாயால் சொல்கிறபடியே தமிழில் எழுதியிருக்கிறேன். ரூட்டரில் கைவைத்துப் பழகியவர்களுக்கு அது தடையாக இருக்காது.

## வீடும் வயரிங்கும்

என் பெரியப்பா மகனின் வீடு அது. கீழ்த்தளத்தில் குழந்தைகள் உடுப்பு தைக்கும் யூனிட், முதல் மாடியில் குடும்பம், மொட்டைமாடிக்குக் கீழே துணி கிடங்கு. எம்.சி. ரோடு கடைகளுக்குத்தான் பெரும்பாலும் சரக்கு போகும். தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லாத நேரம். பவர் மிஷின்கள் எல்லாவற்றிலும் சந்தனப் பொட்டு காயாமல் இருந்தது. மாடிப்படித் திருப்பத்தில் சுவரில் மாட்டியிருந்த ரூட்டருக்கும் அண்ணி ஒரு பொட்டு வைத்திருந்தார்.

அந்த ரூட்டரில் வீட்டுக் கருவிகளுக்கு நான்கு லேன் போர்ட், வெளி இணையத்துக்கு ஒரு வேன் போர்ட். உள்ளே மீடியாடெக் எம்டி7621 சிப். 2020 பொதுமுடக்கத்தின்போது அதில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்தமூல ரூட்டர் மென்பொருளின் 19.07 பதிப்பை ஏற்றிக் கொடுத்தவன் நான்தான். வேன் போர்ட்டிலிருந்து ஒரு வயர் ஃபைபர் பெட்டிக்கு, அதாவது ஓஎன்டிக்குப் போகிறது. லேன் பக்கத்தில் முதல் போர்ட் கீழ்த்தள பில்லிங் கம்ப்யூட்டருக்கு, இரண்டாவது விலைச்சீட்டு அச்சடிக்கும் லேபிள் பிரிண்டருக்கு, மூன்றாவது கேமரா டிவிஆருக்கு, நான்காவது மகனின் அறைக்கு. அவன் இரண்டாம் ஆண்டு பொறியியல் படிக்கிறான்.

இவை எல்லாமும் இரண்டு வைஃபை அலைவரிசைகளும் ஒரே தெருவில் இருப்பதுபோல ஒன்றையொன்று பார்த்துக்கொள்ள, ரூட்டருக்குள் ஒரு பிரிட்ஜ் இருக்கிறது. பெயர் பிஆர்-லேன். அது மென்பொருளால் ஆன ஒரு ஸ்விட்ச். எந்தெந்த இடைமுகம், அதாவது போர்ட்டோ வைஃபையோ, அதில் உறுப்பு என்று கெர்னல் (ரூட்டர் இயங்குதளத்தின் மையம்) ஒரு பட்டியல் வைத்திருக்கும். ஐபி முகவரி உறுப்புகளுக்குக் கிடையாது, பிரிட்ஜுக்குத்தான். எந்த மேக் முகவரி (கருவியின் வன்பொருள் எண்) எந்தப் போர்ட் வழியாக வந்தது என்று இன்னொரு பட்டியலும் அதனிடம் உண்டு. இந்த நிகழ்வில் குழப்பம் உண்டாக்கியவை இந்த இரண்டு பட்டியல்களும்தான்.

## காலை பத்தரை முதல் மதியம் வரை

19.07 பழசாகிவிட்டது, செப்டம்பரில் 21.02 வந்துவிட்டது என்று பையன் படித்திருக்கிறான். லூசி என்ற ரூட்டர் அமைப்புப் பக்கத்தைத் திறந்து புதிய மென்பொருள் படிமத்தை ஏற்றினான். திரையில் ஒரு எச்சரிக்கை வந்தது. படிமத்தின் பொருத்தப் பதிப்பு 1.1, கருவியுடையது 1.0, பழைய ஸ்விட்ச் அமைப்பிலிருந்து டிஎஸ்ஏவுக்கு (ஒவ்வொரு போர்ட்டையும் தனித்தனியாகக் காட்டும் புதிய முறை) அமைப்புகளை மாற்ற வழியில்லை, அவற்றை அழித்துவிட்டுக் கட்டாயப்படுத்தி ஏற்றவும் என்பது அதன் சாரம். அமைப்புகளை வைத்துக்கொள் என்ற கட்டத்தில் ஏற்கெனவே டிக் இருந்தது. கட்டாயப்படுத்து என்ற கட்டத்திலும் டிக் போட்டு முன்னே போய்விட்டான்.

அவனை நான் அதிகம் குறை சொல்லவில்லை. கட்டாயப்படுத்துவது அந்த எச்சரிக்கையே கேட்பதுதான். அத்துடன் பழைய அமைப்புகளை விட்டுவிட வேண்டும் என்பதுதான் அதிலிருந்த பாதிச் செய்தி. அவசரத்தில் படிக்கிறவன் மற்றப் பாதியை மட்டும்தான் எடுத்துக்கொள்வான்.

ரூட்டர் எழுந்தது. வைஃபை பழைய பெயரில், பழைய கடவுச்சொல்லில் வந்தது. போன்கள் இணைந்தன, இணையம் மட்டும் இல்லை. வயர் போட்ட எதுவும் வேலை செய்யவில்லை. லேன் போர்ட் விளக்குகள் ஒன்றுகூட எரியவில்லை.

விளக்கு எரியாததைப் பார்த்ததும் அண்ணனுக்கு வயர் மேல்தான் சந்தேகம். அதில் நியாயமும் இருக்கிறது. காசிமேட்டுக் கடற்காற்று வீசும் இடம், ஆர்ஜே45 முனைகளில் பச்சை பூப்பது அங்கே புதிதல்ல. பக்கத்துத் தெருவிலிருந்து ஆள் வந்து இரண்டு முனைகளை வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்துவிட்டுப் போனார். பலனில்லை.

அடுத்து ஃபைபர் இணைப்பு தருபவருக்கு போன். பையன், "பிரிட்ஜ் போயிடுச்சு போல இருக்கு" என்று சொல்லியிருக்கிறான். அவர்கள் மொழியில் பிரிட்ஜ் என்றால் ஓஎன்டியின் பிரிட்ஜ் மோட். பெட்டி தான் எதையும் டயல் செய்யாமல் அப்படியே கடத்திவிட, பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்நுழையும் பிபிபிஓஇ இணைப்பை வீட்டு ரூட்டர் போட்டுக்கொள்ளும் முறை அது. அவர்கள் பக்கத்தில் சோதித்துவிட்டு, "மோட் சரியாத்தான் இருக்கு, ரூட்டர்லேருந்து லாகின் வரவே இல்ல" என்றார்கள். அது சரியான பதில். ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் என்பது புரியாமல் இரு தரப்பும் முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறார்கள். ஓஎன்டி மூன்று முறை அணைந்து எரிந்தது. யூனிட்டில் பில் கையால் எழுதத் தொடங்கினார்கள்.

## இரண்டு மணி: முதல் படம், என் முதல் தவறு

என்னை அழைத்தபோது மணி இரண்டு. லேப்டாப்பை வைஃபையில் இணைத்து எஸ்எஸ்ஹெச் என்ற கட்டளைத் திரை வழியாக ரூட்டருக்குள் போகச் சொல்லி, பிரிட்ஜின் உறுப்புகளைக் காட்டும் பிஆர்சிடிஎல் ஷோ கட்டளையை அடித்துப் படம் அனுப்பச் சொன்னேன்.

படத்தில் பிஆர்-லேன் இருந்தது. அதன் உறுப்புகளாக மூன்றே மூன்று பெயர்கள்: ஈத்0.1, டபிள்யூலேன்0, டபிள்யூலேன்1. கடைசி இரண்டும் வைஃபை. டிஎஸ்ஏ உள்ள ரூட்டரில் லேன்1 முதல் லேன்4 வரை தனித்தனியாகத் தெரிய வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அவை இல்லை.

அந்த இடத்தில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, இந்தப் பட்டியல் சொல்வது உண்மையா என்பது. கேட்கவில்லை. பிஆர்சிடிஎல் பழைய கருவி, அதைக் கைவிட்டுவிட்டு ஐபிரூட்2 தொகுப்பின் பிரிட்ஜ் கட்டளைக்கு எல்லோரும் போய்விட்டார்கள் என்பது தலையில் பதிந்திருந்தது. அதனால், "இந்தக் கருவிக்கு புது போர்ட் தெரியல, வேற கருவில பார்க்கணும்" என்று முடிவு கட்டினேன். கருவி பழசு என்பது சரி. அதற்குப் புதிய போர்ட்டுகள் தெரியாது என்பது நானே சேர்த்துக்கொண்டது. டிஎஸ்ஏ போர்ட்டுகள் கெர்னலின் பார்வையில் சாதாரண இடைமுகங்கள்தான். பிரிட்ஜில் இருந்தால் இரண்டு கருவிகளும் காட்டும், இல்லாவிட்டால் இரண்டும் காட்டாது.

பிரிட்ஜ் கட்டளையை அடிக்கச் சொன்னேன். அப்படி ஒன்று இல்லை என்று பதில் வந்தது. ஓப்பன்டபிள்யூஆர்டியில் அது ஐபி-பிரிட்ஜ் என்ற தனிப் பொதி, அடிப்படைப் படிமத்தில் வராது. பொதியை இறக்க இணையம் வேண்டும். இணையம் இல்லாததால்தானே இதையெல்லாம் செய்துகொண்டிருக்கிறோம்! பையன் போன் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை மாற்றி, பொதியை இறக்கி, மறுபடியும் ரூட்டர் வைஃபைக்கு வந்து, உள்ளே அனுப்பி நிறுவினான். இதற்கு ஒரு மணி நேரம் ஆனது. நிறுவி முடித்துக் கட்டளையை அடித்தால் அதே மூன்று பெயர்கள்.

கருவியில் குறையில்லை என்பது அப்போது தெளிவானது. பிரிட்ஜிலேயே அவை இல்லை.

இன்னொன்றையும் அப்போதே செய்திருக்கலாம். சிஸ் கோப்பகத்தின் கீழ் கிளாஸ், அதன் கீழ் நெட். அங்கே என்ன இருக்கிறது என்று எல்எஸ் அடித்துப் பார்க்க எந்தப் பொதியும் வேண்டாம். கெர்னலுக்குத் தெரிந்த எல்லா இடைமுகமும் அங்கே ஒரு கோப்பகமாக இருக்கும். பிஆர்-லேன் கோப்பகத்துக்குள் பிஆர்இஃப் என்று ஒன்று உண்டு, அதில் பிரிட்ஜின் உறுப்புகள் வரிசையாக இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டால் அரை நிமிட வேலை. அது எனக்கு நினைவுக்கு வந்தது மாலையில்தான்.

## நான்கு மணி: இருந்ததும் போனது

பழைய அமைப்புக் கோப்பு புதிய ஃபர்ம்வேருக்குப் பொருந்தவில்லை என்று இப்போது தெரிந்துவிட்டது. இதற்கிடையே லூசியில் இன்டர்ஃபேஸ் பக்கத்தைத் திறந்தபோது, அமைப்புகளைப் புதிய வடிவுக்கு மாற்றட்டுமா என்று அது கேட்க, பையன் சரி என்று கொடுத்திருக்கிறான். அது எழுத்து முறையை மட்டும் மாற்றும். ஈத்0.1 என்ற பெயர் புதிய வடிவிலும் ஈத்0.1 ஆகவே இருந்தது.

நெட்வொர்க் கோப்பை முழுதாக மாற்றி எழுதிவிடலாம் என்று நினைவிலிருந்து தட்டி வாட்ஸாப்பில் அனுப்பினேன். ஆஃபீஸ் வேலைக்கு நடுவே, போனில். அதில் பிரிட்ஜை வரையறுக்கும் பகுதிக்கு, கான்ஃபிக் டிவைஸ் என்று எழுதி, பக்கத்திலேயே பிஆர்-லேன் என்று பெயரும் வைத்துவிட்டேன். இங்கேதான் கோட்டை விட்டேன். யூசிஐ கோப்பில் (ஓப்பன்டபிள்யூஆர்டியின் அமைப்புக் கோப்பு வடிவம் அது) ஒரு பகுதிக்கு வைக்கும் பெயரில் எழுத்தும் எண்ணும் அடிக்கோடும் மட்டுமே வரலாம், நடுக்கோடு வரக்கூடாது. பிஆர்-லேன் என்பது அந்தப் பகுதிக்குள்ளே ஆப்ஷன் நேம் என்ற வரியில் மதிப்பாக வர வேண்டியது. அங்கே நடுக்கோடு இருந்தால் ஒன்றுமில்லை. பகுதிப் பெயரில் இருந்தால் கோப்பு முழுதுமே படிக்க முடியாததாகிவிடும். அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் படிப்பது என்பதெல்லாம் கிடையாது.

"போட்டுட்டேன் சித்தப்பா, ரீபூட் பண்ணட்டுமா?"

"பண்ணு."

அந்த ஒற்றைச் சொல்லுக்கு முன்னால் யூசிஐ ஷோ நெட்வொர்க் என்று ஒரே ஒரு தடவை அடிக்கச் சொல்லியிருந்தால் பிழை எந்த வரியில் என்று அங்கேயே சொல்லியிருக்கும்.

ரூட்டர் எழுந்தபோது வைஃபையும் இல்லை. நெட்வொர்க் கோப்பைப் படிக்க முடியாவிட்டால், நெட்வொர்க்கைக் கட்டும் நிரலான நெட்ஐஎஃப்டி அதோடு நின்றுவிடும், வைஃபை கோப்பைத் தொடாது. காலையில் பாதி நெட்வொர்க் இல்லாமல் இருந்த வீட்டில் இப்போது முழுதும் இல்லை. அண்ணன் போனில் கோபப்படவில்லை. "வந்துட்டுப் போயேன்" என்று மட்டும் சொன்னார்.

## ஆறரை மணி: நேரில்

தண்டையார்பேட்டையிலிருந்து வண்டியில் போனேன். நல்ல நாளில் பத்து நிமிடம், பண்டிகைக் கூட்டத்தில் முப்பத்தைந்து நிமிடம்.

லேப்டாப்பை வயரால் முதல் லேன் போர்ட்டில் சொருகி, அதற்கு 192.168.1.2 என்று நிலையான முகவரி கொடுத்தேன். ரூட்டரை அணைத்துப் போட்டு, விளக்கு வேகமாகச் சிமிட்டத் தொடங்கும்போது ரீசெட் பொத்தானை அழுத்தி ஃபெயில்சேஃப் என்ற அவசர நிலைக்குக் கொண்டுவந்தேன். அவகாசம் சில நொடிதான். முதல் முறை தவறிவிட்டது, இரண்டாம் முறை கிடைத்தது. அந்த நிலையில் ரூட்டர் எப்போதும் 192.168.1.1-இல் இருக்கும், கடவுச்சொல் கேட்காது, சேமித்த அமைப்புகள் எதையும் தொடாமல் எழும்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் உடனே பிஆர்சிடிஎல் ஷோ அடித்தான். தலைப்பு வரி மட்டும் வந்தது, கீழே ஒன்றுமில்லை. "இப்ப பிரிட்ஜே இல்ல" என்றான், முகம் வாடி.

ஃபெயில்சேஃபில் அது வெறுமையாக இருப்பதுதான் முறை. பிரிட்ஜைக் கட்டும் நெட்ஐஎஃப்டி இன்னும் தொடங்கவே இல்லை. காலையிலிருந்து பார்த்ததில் இது மூன்றாவது வகைக் குறை என்று அவனிடம் சொன்னேன். முதலில் பிரிட்ஜ் இருந்தது, உறுப்புகள் தவறு. நாலு மணிக்கு, கோப்பு படிக்க முடியாததால் பிரிட்ஜே உருவாகவில்லை. இப்போது, கட்டுகிறவன் வேலைக்கே வரவில்லை. பிந்தைய இரண்டிலும் திரையில் வருவது அதே ஒற்றைத் தலைப்பு வரிதான்.

பிறகு நெட் கோப்பகத்தைப் பார்த்தோம். ஈத்0, லேன்1, லேன்2, லேன்3, லேன்4, வேன், எல்ஓ. நான்கு போர்ட்டும் அங்கே இருந்தன. காலை பத்தரையிலிருந்து இருந்திருக்கின்றன. யாரும் அவற்றைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

## ஏன் இப்படி ஆனது

19.07-இல் இந்தச் சிப்பை நடத்தும் முறை வேறு. ரூட்டருக்குள் இருக்கும் ஸ்விட்ச் சிப்பை கெர்னல் ஒரே வயராகத்தான் பார்க்கும், அதற்கு ஈத்0 என்று பெயர். லேன் போர்ட்டுகளிலிருந்து வருவதற்கு விலேன் 1 என்றும் வேன் போர்ட்டிலிருந்து வருவதற்கு விலேன் 2 என்றும் சிப் முத்திரை குத்தி அனுப்பும். கெர்னல் அதைப் பிரித்து ஈத்0.1, ஈத்0.2 என்று இரண்டாகக் காட்டும். எந்தப் போர்ட்டில் என்ன செருகியிருக்கிறது என்பது கெர்னலுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஸ்விட்ச்கான்ஃபிக் என்ற தனிக் கருவி வேண்டும்.

டிஎஸ்ஏ 2008-இலேயே லினக்ஸ் கெர்னலுக்குள் வந்துவிட்டது. எம்டி7621 ரூட்டர்களுக்கு ஓப்பன்டபிள்யூஆர்டி அதைக் கொண்டுவந்தது 21.02-இல். இதில் ஸ்விட்ச்சின் ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனிப் பெயர், தனி இடைமுகம். ஈத்0 வெறும் குழாய். அதன் வழியே போகிற ஒவ்வொரு பொட்டலத்திலும் இது எந்தப் போர்ட்டுக்கு உரியது என்ற சீட்டு ஒட்டியிருக்கும்.

இந்தப் புதிய ஏற்பாட்டில் பழைய கோப்பு போய், ஈத்0.1 என்று ஒன்றை உருவாக்கி பிரிட்ஜில் சேர் என்று சொன்னது. கெர்னல் மறுக்கவில்லை. எந்த இடைமுகத்தின் மேலும் விலேன் உருவாக்கலாம், அது பிழையே அல்ல. ஆனால் அந்தக் குழாயில் விலேன் 1 முத்திரையோடு எதுவும் வருவதில்லை. ஈத்0.1 பட்டியலில் இருந்தது, எங்கும் போய்ச் சேரவில்லை. உண்மையான நான்கு போர்ட்டுகளையும் யாரும் தொடங்கி வைக்காததால் விளக்குகளும் எரியவில்லை. வேன் பக்கமும் ஈத்0.2 என்று அதே கதை, அதனால்தான் பிபிபிஓஇ லாகின் ஃபைபர்காரரை எட்டவே இல்லை. வைஃபை இரண்டும் பெயர் மாறாததால் தப்பித்தன.

லாக் முழுதும் தேடினாலும் இதற்கு ஒரு பிழைச் செய்தி கிடைக்காது. நாள் முழுக்க என்னைச் சுற்றவிட்டது அதுதான்.

## மூன்று வழிகள்

மவுண்ட்ரூட் கட்டளையால் சேமிப்பைத் திறந்து, யூசிஐ ஷோ நெட்வொர்க் அடித்ததும் பிழை வந்தது: பெயர்ப் பகுதியில் ஏற்க முடியாத எழுத்து, இத்தனையாவது வரி. நான் அனுப்பிய வரியேதான். பையன் என்னைப் பார்த்தான், நான் திரையைப் பார்த்தேன்.

அந்த ஒரு வரியைத் திருத்திவிட்டுப் போகலாம். ஆனால் கோப்பின் மிச்சமும் நான் நினைவிலிருந்து எழுதியது, ஒரு தவறு இருந்த இடத்தில் இன்னொன்றும் இருக்கலாம். ஃபர்ஸ்ட்பூட் கொடுத்து எல்லாவற்றையும் அழித்துவிடலாம். எச்சரிக்கை சொன்னது அதைத்தான், சுத்தமான வழியும் அதுதான். ஆனால் வைஃபை கடவுச்சொற்கள், பிரிண்டருக்கு ஒதுக்கிய நிலையான முகவரி, டிவிஆருக்கு வைத்த ஃபயர்வால் விதிகள் எல்லாம் போய்விடும். அவற்றை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை யூனிட் ஓடியாக வேண்டும்.

நடுவழியை எடுத்தேன். நெட்வொர்க் கோப்பை மட்டும் வேறு பெயரில் நகர்த்திவிட்டு ரீபூட் செய்தேன். அந்தக் கோப்பு இல்லையென்றால், கருவியின் போர்ட் விவரங்களைப் பார்த்து கான்ஃபிக்-ஜெனரேட் என்ற நிரல் புதிதாக ஒன்றை எழுதிக்கொள்ளும். அது எழுதுவதில் கைத்தவறு வராது. மற்றக் கோப்புகள் லேன், வேன் என்ற பொதுப் பெயர்களைத்தான் சுட்டுகின்றன, அந்தப் பெயர்கள் புதிய கோப்பிலும் இருக்கும். எனவே ஒட்டிக்கொள்ளும் என்று கணக்குப் போட்டேன். எச்சரிக்கை சொன்னதற்கு இது பாதி முரண்தான். அவசரமில்லாத வீடாக இருந்தால் முழுதும் அழிப்பதையே சொல்வேன்.

பிபிபிஓஇ பயனர்பெயரும் கடவுச்சொல்லும் யாருக்கும் நினைவில்லை. காலையில் ஏற்றியபோது பேக்கப் எடுக்கவில்லை, நாலு மணிக்குக் கோப்பை மேலெழுதியும் விட்டோம். நல்லவேளையாக, நெட்வொர்க் கோப்பை மாற்றும் முன் பழையதை ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தான் பையன். அந்தப் படம் இல்லாவிட்டால் மறுபடியும் ஃபைபர்காரருக்கு போன் செய்திருக்க வேண்டும்.

ரூட்டர் எழுந்தது. நான்கு விளக்குகளும் எரிந்தன. பிஆர்சிடிஎல் ஷோவில் ஆறு பெயர்கள்: லேன் நான்கு, டபிள்யூலேன் இரண்டு. வேன் பகுதியில் பிபிபிஓஇ விவரத்தைப் போட்டதும் இணையம் வந்தது. அப்போது ஏழே முக்கால்.

## மிச்சமிருந்த இரண்டு

பில்லிங் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. பிரிண்டரும் டிவிஆரும் வரவில்லை.

இதற்குக் காரணம் சின்னது. பழைய ஏற்பாட்டில் வீட்டு நெட்வொர்க் 192.168.10 வரிசையில் இருந்தது. புதிதாக எழுதப்பட்ட கோப்பு வழக்கப்படி 192.168.1.1 என்று வைத்துக்கொண்டது. டிவிஆரில் முகவரி கையால் போடப்பட்டது, பிரிண்டருக்கு ஒதுக்கியதும் பத்தாம் வரிசையில். லேன் முகவரியை 192.168.10.1 ஆக மாற்றியதும் டிவிஆர் உடனே தெரிந்தது. பிரிண்டரை ஒருமுறை அணைத்துப் போட, அதுவும் வந்து ஒரு சோதனைச் சீட்டு அடித்தது. அண்ணி இரவுச் சாப்பாட்டுக்கு இட்லி ஊற்றத் தொடங்கியிருந்தார்.

ஆனால் பையன் விடவில்லை. பிரிட்ஜ் கற்ற மேக் முகவரிகளைக் காட்டும் பிஆர்சிடிஎல் ஷோமேக்ஸ் அடித்துக்கொண்டே இருந்தான். சாப்பிட்டு வந்து பார்த்தபோது பிரிண்டரின் மேக் முகவரி பட்டியலில் இல்லை. "மறுபடியும் போச்சு சித்தப்பா."

போகவில்லை. பிரிட்ஜ் தான் கற்ற முகவரியை வைத்துக்கொள்வது இயல்பாக 300 நொடி. அதற்குள் அந்தக் கருவியிலிருந்து ஒரு பொட்டலமும் வராவிட்டால் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். வேலையில்லாத பிரிண்டர் வாய் திறக்காது. அதன் முகவரிக்கு ஒரு பிங் அனுப்பச் சொன்னேன். வரி திரும்ப வந்தது. இரண்டாம் போர்ட்டின் எண்ணும் பக்கத்திலேயே இருந்தது. உறுப்புப் பட்டியலில் ஒரு பெயர் இல்லையென்றால் அது கோளாறு. கற்ற முகவரிப் பட்டியலில் ஒன்று இல்லையென்றால் பெரும்பாலும் அது மௌனம். இந்த இரண்டையும் அவனுக்கு அன்று மதியமே பிரித்துச் சொல்லியிருந்தால் இரவு இன்னொரு கால் மணி நேரம் மிஞ்சியிருக்கும்.

## இனி வேறாகச் செய்வது

ஏற்றும் முன் லூசியிலேயே பேக்கப் கோப்பை இறக்கி லேப்டாப்பில் வைப்பது. இதைப் பையனுக்கு நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும், ரூட்டரைக் கையில் கொடுத்தவன் நான். பிபிபிஓஇ விவரமும் லேன் முகவரி வரிசையும் இப்போது ஒரு சீட்டில் எழுதி, ரூட்டருக்குப் பின்னால் செல்லோடேப் போட்டு ஒட்டியிருக்கிறது. பாதுகாப்பு நிபுணர்கள் முகம் சுளிப்பார்கள். மாடிப்படி வரை வருகிறவர்கள் அண்ணனுக்குத் தெரிந்தவர்கள்தான்.

பட்டியல் குறைவாக வந்தால் புதிய கருவி தேடும் முன் நெட் கோப்பகத்தையும் பிஆர்இஃப் கோப்பகத்தையும் ஒப்பிடுவது. இடைமுகம் அங்கேயே இல்லையென்றால் அது டிரைவர் அல்லது படிமத்தின் பிரச்சினை. இருந்தும் பிரிட்ஜில் இல்லையென்றால் அமைப்புக் கோப்பின் பிரச்சினை. நெட்ஐஎஃப்டி என்ன நினைக்கிறது என்று அறிய நிரல்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் யூபஸ் வழியாக நெட்வொர்க் டிவைஸ் நிலையைக் கேட்டால், பிரிட்ஜின் உறுப்புகளை அதுவும் சொல்லும். கேட்கும் இடம் வேறு என்பதால் அது உண்மையான இரண்டாவது சாட்சி. பிஆர்சிடிஎல்லும் பிரிட்ஜும் ஒரே சாட்சியை இரண்டு தரம் கூப்பிடுவது போல.

கோப்பைக் கையால் மாற்றினால் ரீபூட்டுக்கு முன் யூசிஐ ஷோ. வாட்ஸாப்பில் அமைப்புக் கோப்பு அனுப்புவதை நான் நிறுத்திவிட்டேன்.

ஃபைபர்காரரிடம் பேசும்போது பிரிட்ஜ் என்ற சொல்லைத் தனியாகச் சொல்வதில்லை என்று வீட்டில் ஒரு ஏற்பாடு. ஓஎன்டி பிரிட்ஜ், அல்லது ரூட்டருக்குள்ளே இருக்கும் பிரிட்ஜ்.

மறு வருடம் 22.03 வந்தபோது பையன் என்னைக் கேட்காமலேயே ஏற்றினான், பேக்கப் எடுத்துவிட்டு. இரண்டு பக்கமும் டிஎஸ்ஏ என்பதால் அந்த எச்சரிக்கை வரவில்லை, அமைப்புகளை வைத்துக்கொண்டே ஏறியது. ராத்திரி ஒரு படம் மட்டும் அனுப்பினான். பிஆர்-லேன், கீழே ஆறு வரிகள்.